சர்க்கரை: சொல்லும் சரக்கும்

சென்னையில் ஒரு மளிகைக் கடையில் "ஒரு கிலோ சர்க்கரை கொடுங்க" என்று கேட்டால், கேள்வியே இல்லாமல் வெள்ளைச் சர்க்கரையை எடை போடுவார்கள். அதையே தென்மாவட்டத்தில் கொஞ்சம் வயதான கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். "சீனியா, சர்க்கரையா?" என்று திருப்பிக் கேட்பார். அவர் கணக்கில் வெள்ளையாக இருப்பது சீனி. பழுப்பாக, கரும்புச் சாற்றின் மணம் மாறாமல் இருப்பதுதான் சர்க்கரை. இலங்கைத் தமிழர் வீடுகளிலும் இதே கணக்குத்தான். மலையாளத்தில் சர்க்கர என்றால் வெல்லம். வெள்ளைக்குப் பஞ்சசார என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். பஞ்சாப் பக்கம் சக்கர் என்றால் தூள் வெல்லம்.

அப்படியானால் எது அசல்? சாட்சிக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம், நம் வீட்டுப் பொங்கல் பானையே போதும். சர்க்கரைப் பொங்கல் என்றுதான் எல்லா ஊரிலும் பெயர். ஆனால் வெள்ளைச் சர்க்கரை போட்டுப் பொங்கல் வைப்பவர் யார்? சென்னைக்காரரும் அன்று வெல்லம்தான் வாங்குகிறார். பெயர் வைத்த காலத்தில் சர்க்கரை என்ற சொல் எதைக் குறித்தது என்பதை அந்தப் பானை காட்டிக் கொடுத்துவிடுகிறது.

இந்தச் சொல்லாராய்ச்சி விவசாயிக்கு எதற்கு என்று கேட்கலாம். நாம் கரும்பு போட்டு, ரசாயனம் இல்லாமல் வளர்த்து, கொப்பரையில் காய்ச்சி, பையில் அடைத்து, மேலே "நாட்டுச் சர்க்கரை" என்று எழுதி விற்கிறோம். அந்த "நாட்டு" எப்படி வந்தது? வெள்ளைக்காரக் கோழி வரும்வரை நம்மிடம் இருந்தது வெறும் கோழிதான். பிராய்லர் வந்தபிறகு அது நாட்டுக்கோழி ஆனது. மாடு நாட்டு மாடு ஆனதும், தக்காளி நாட்டுத் தக்காளி ஆனதும் அப்படித்தான். வந்தவர் பெயரை எடுத்துக்கொண்டார், இருந்தவர் அடைமொழி போட்டுக்கொண்டார். சர்க்கரையிலும் அதுவே நடந்தது. விற்பனையில் பெயர் என்பது பாதிச் சரக்கு. அதனால் இந்தப் பெயரின் கதையைக் கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடலாம்.

பொடிக்கல்

சமஸ்கிருதத்தில் சர்க்கரா என்றால் முதலில் இனிப்பே இல்லை. பொடிக்கல், சரளை, பருமணல் என்றுதான் பொருள். கரும்புப் பாகு இறுகி நறநறவென்று மணல்போல உதிர்ந்தபோது, அதற்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். நாட்டுச் சர்க்கரை காய்ச்சியவர்களுக்கு இது உடனே புரியும். வெல்லத்துக்கு இறக்கும் பதத்தைவிட இன்னும் சற்று முற்றவிட்டு, தொட்டியில் ஊற்றி, ஆறஆறக் கட்டையால் தேய்த்துக்கொண்டே இருந்தால், ஒரு நிமிடத்தில் பாகு மணலாகும். அந்த ஒரு நிமிடத்துக்கு வைத்த பெயர்தான் சர்க்கரை.

அர்த்தசாஸ்திரத்தில் அரசுக் கிடங்கில் வைக்க வேண்டிய பொருள்களைச் சொல்லும் இடத்தில், கரும்பிலிருந்து வருபவை ஐந்து என்று பட்டியல் உண்டு: பாணிதம், குடம், மத்ஸ்யண்டிகா, கண்டம், சர்க்கரா. பாணிதம் என்பது பாகு. குடம் என்பது வெல்லம். இந்தியில் குட், குர் என்பதெல்லாம் அதிலிருந்து வந்தவை. மத்ஸ்யண்டிகா என்ற பெயரிலேயே மீன் முட்டை இருக்கிறது. பாகில் பொடிப்பொடியாக மணி கட்டும் நிலை போலிருக்கிறது. கண்டம் என்றால் துண்டு. நான் வங்கியில் சரக்கு இருப்புப் பதிவேடுகளை ஆயிரக்கணக்கில் பார்த்தவன். இந்த ஐந்தையும் ஐந்து தனி இனமாக எழுதி வைத்த அந்தக் கிடங்குக் கணக்கர் மேல் எனக்கு மரியாதை உண்டு. இன்றைக்கு நாம் எல்லாவற்றையும் "ஸ்வீட்" என்று ஒரே பத்தியில் போட்டுவிடுகிறோம்!

மேற்கே இருந்து வந்தவர்களுக்கு இது விசித்திரமாக இருந்தது. அலெக்சாண்டரின் கடற்படைத் தலைவர் நியார்க்கஸ், தேனீ இல்லாமலே தேன் தரும் நாணல் இந்தியாவில் இருக்கிறது என்று எழுதினார். கி.பி. முதல் நூற்றாண்டில் டயோஸ்கோரிடிஸ் என்ற கிரேக்க மருத்துவர், உப்பைப் போலப் பல்லில் நொறுங்கும் ஒரு பொருள் என்று இதை வர்ணித்து, சாக்கரோன் என்ற பெயரையும் தருகிறார். அவர்களுக்கு இது சமையல் பொருள் அல்ல, மருந்து. பின்னால் 1753இல் லின்னேயஸ் கரும்புக்குச் சக்காரம் அஃபிசினாரம் என்று தாவரவியல் பெயர் வைத்தபோதும் அந்த நினைவு போகவில்லை. அஃபிசினாரம் என்றால் மருந்துக் கடைக்கு உரியது.

சொல் போன பாதை இதுதான். சமஸ்கிருதத்தில் சர்க்கரா, பிராகிருதத்தில் சக்கரா, பாரசீகத்தில் ஷகர், அரபியில் சுக்கர். அரபு நாட்டார் மத்தியதரைக்கடல் ஓரமெல்லாம் கரும்பைக் கொண்டுபோனார்கள். செடியோடு சொல்லும் போனது. இத்தாலியில் சுக்கெரோ, பிரான்சில் சூக்ர், இங்கிலாந்தில் சுகர். ஸ்பெயினில் அரபியின் முன்னொட்டும் ஒட்டிக்கொண்டு அசூகார் ஆனது. நாம் "சுகர்" என்று ஏதோ இங்கிலீஷ் வார்த்தையாக நினைத்துச் சொல்கிறோமே, அது உலகத்தைச் சுற்றிவிட்டு வீடு திரும்பிய நம் பக்கத்துச் சொல்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. வெல்லத்துக்கு இங்கிலீஷில் ஜாகரி என்கிறோம். அது எங்கிருந்து வந்தது? மலபார் கரையில் இறங்கிய போர்த்துகீசியர், அங்கே வெல்லத்தைச் சக்கர என்று சொல்லக் கேட்டு, தங்கள் வாய்க்கு வந்தபடி ஜாகரா என்றார்கள். அதுதான் ஜாகரி. ஆகச் சுகரும் ஜாகரியும் ஒரு தாய்ப் பிள்ளைகள். ஒன்று பாலைவனம் வழியாகப் போனது, இன்னொன்று கப்பலில் போனது. இன்றைக்குச் சூப்பர் மார்க்கெட்டில் ஒன்று கெட்டது, இன்னொன்று நல்லது என்று எதிரெதிர் அலமாரியில் நிற்கின்றன.

கண்டம் என்ற சொல்லும் சும்மா இருக்கவில்லை. பாரசீகத்தில் கந்த் ஆகி, ஐரோப்பாவில் கேண்டி ஆனது. நம்மிடம் அது கண்டு. கல்லும் கண்டும் சேர்ந்தால் கற்கண்டு. சர்க்கரா என்றாலும் கல், கற்கண்டு என்றாலும் கல். பெயர் வைத்தவர்கள் எல்லோரும் பல்லால் யோசித்திருக்கிறார்கள். ஆலைக்குப் போகாமல் சிறு அளவில் எடுக்கும் சர்க்கரையைக் கண்டசாரி என்பதும் இதே கண்டம்தான்.

சீனி, அஸ்கா

வெள்ளைக்குச் சீனி என்று ஏன் பெயர்? சீனத்துக்கு உரியது என்று பொருள். பழைய பேச்சில் சீனிச் சர்க்கரை என்று முழுதாகச் சொல்வார்கள். பிறகு சர்க்கரை உதிர்ந்து அடைமொழி மட்டும் நின்றுவிட்டது. வட இந்தியாவிலும் அப்படியே. கற்கண்டுக்கு அங்கே மிஸ்ரி என்று பெயர். மிஸ்ர் என்றால் எகிப்து. இத்தனைக்கும் சீனாவில் தாங் அரசமரபைச் சேர்ந்த தாய்சோங் பேரரசர், 647இல், சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவர மகத நாட்டுக்கே ஆள் அனுப்பினார் என்று அவர்களின் வரலாற்று ஏட்டிலேயே பதிவு இருக்கிறது. இங்கே கற்றுக்கொண்டு போய், இன்னும் வெளுப்பாக்கித் திருப்பி அனுப்பினார்கள். நாம் அவர்கள் பெயரை வைத்தோம்.

அஸ்கா என்ற பெயரை இப்போது அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம்தான் கேட்க முடிகிறது. "அஸ்கா போட்டு ஒரு காப்பி" என்பார்கள். அது ஓர் ஊர்ப் பெயர். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் இருக்கிறது. 1936 வரை அந்த மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு சர்க்கரை ஆலை வந்தது. அந்த ஆலைச் சரக்கு தமிழ்நாட்டுக் கடைகளுக்கு வரவர, வெள்ளைச் சர்க்கரைக்கே அஸ்கா என்று பெயராகிவிட்டது.

அந்த நூற்றாண்டில் சர்க்கரைக்காகப் போனது பெயர் மட்டுமல்ல. மொரீசியஸ், நேட்டால், பிஜி என்று கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்கள் கப்பல் கப்பலாகப் போனார்கள். நேட்டாலுக்கு முதல் கப்பல் 1860இல் சென்னையிலிருந்துதான் புறப்பட்டது. பிஜித் தோட்டத்துப் பெண்களின் துயரத்தைப் பாரதியார் பாடினார். வெள்ளையின் விலை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் பழைய சொற்கள்

சர்க்கரை வடமொழி வழிச் சொல் என்றதும் நம்மிடம் அதற்கு முன் இனிப்பே இல்லையோ என்று நினைத்துவிட வேண்டாம். அதியமானின் முன்னோர் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று புறநானூற்றில் ஔவையார் சொல்கிறார். அதியமானின் தகடூர்தான் தர்மபுரி. அந்தப் பக்கம் இன்றும் வெல்லம் காய்ச்சுகிறார்கள். கரும்பு பிழியும் எந்திரத்தின் சத்தமும் சங்கப் பாடல்களில் கேட்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் பாகு காய்ச்சும் ஆலைகளின் புகை வருகிறது. அங்கே பாகுக்கு விசயம் என்று ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை நாம் தொலைத்துவிட்டோம்.

ஆலை என்ற சொல்லைக் கவனியுங்கள். அதற்கு அடிப்படைப் பொருள் கரும்பு பிழியும் இடம்தான். பஞ்சாலை, காகித ஆலை எல்லாம் பின்னால் வந்த உறவுகள். "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்ற பழமொழியில் வருவது கரும்பாலைதான். பழமொழியைக் கேலியாகவே சொல்கிறோம். ஆனால் இலுப்பைப் பூவில் உண்மையிலேயே நல்ல இனிப்பு உண்டு, காய வைத்துச் சாப்பிட்ட ஊர்கள் உண்டு. ஆலைக்கும் கரும்புக்கும் வழி இல்லாத மானாவாரிச் சனங்களின் சர்க்கரை அது.

அக்காரவடிசில் என்று வைணவக் கோயில்களில் செய்கிறார்களே, அந்த அக்காரம் பிராகிருதச் சக்கராவின் தமிழ் வடிவம் என்று மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். முதலில் உள்ள சகரம் உதிர்வது தமிழில் பழைய வழக்கம். சமணர் அமணர் ஆனார்களே, அப்படி. ஆண்டாள் நூறு தடா அக்காரவடிசில் நேர்ந்துகொண்ட காலத்தில் அக்காரம் சாதாரணச் சொல்லாக இருந்திருக்கிறது. ஆக ஒரே சொல் நம்மிடம் இரண்டு தடவை வந்திருக்கிறது: அக்காரமாக ஒரு முறை, சர்க்கரையாக ஒரு முறை. சுகரையும் சேர்த்தால் மூன்று.

வெல்லம் நம் குடும்பத்துச் சொல். கன்னடத்தில் பெல்ல, தெலுங்கில் பெல்லம். மண்டை வெல்லம், அச்சு வெல்லம், உருண்டை வெல்லம் என்று அதற்கு வடிவத்துக்கு ஒரு பெயர்.

கருப்பட்டி இன்னும் சுவையானது. இன்று அது பனைக்கு மட்டும் உரிய பெயர். நிறம் கறுப்பு, அதனால் கருப்பட்டி என்று பலர் சொல்வார்கள். எனக்கு இன்னொரு விளக்கம்தான் சரி என்று படுகிறது. இரும்பும் பாதையும் சேர்ந்தால் இருப்புப் பாதை. அதே விதியில் கரும்பும் கட்டியும் சேர்ந்தால் கருப்புக்கட்டி. அது தேய்ந்து கருப்பட்டி. அப்படியானால் பதநீர் காய்ச்சி எடுக்கும் கட்டியின் பெயருக்குள் கரும்பு உட்கார்ந்திருக்கிறது! பெயர்கள் ஆள் மாறுவது வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது அல்ல.

பெயர் மாறினால் கணக்கும் மாறும்

எண்பதுகளில் தென்மாவட்டக் கிளை ஒன்றில் வேலை பார்த்தேன். ஒரு மண்டி வியாபாரி சரக்கு ஈட்டுக் கடனுக்கு வந்தார். சரக்கு விவரம் என்ற இடத்தில் "சர்க்கரை 200 மூட்டை" என்று எழுதிக் கொடுத்தார். வடமாவட்டத்திலிருந்து மாறி வந்த எழுத்தர் அதை இங்கிலீஷில் "சுகர்" என்று தட்டிவிட்டார். அடுத்த மாதம் ஆய்வுக்கு வந்த அதிகாரி கோப்பைப் பார்த்ததும், வெள்ளைச் சர்க்கரை இருப்பு வைக்க உரிமம் எங்கே, லெவிக் கணக்கு எங்கே என்று பிடித்துக்கொண்டார். அன்று வெள்ளைக்கு அத்தனை கட்டுப்பாடு. வியாபாரி ஓடி வந்து, "ஐயா, அது சீனி இல்லீங்க, சர்க்கரைங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். அதிகாரிக்கு அது விளங்கவே இல்லை. கடைசியில் கிடங்கைத் திறந்து ஒரு மூட்டையைக் குத்திக் காட்டியபிறகுதான் நம்பினார். பத்திரமெல்லாம் மாற்றி எழுத மூன்று வாரம் ஆனது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் ஈரக் காற்றில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கசிந்து போன மூட்டைக்கு யார் பொறுப்பு என்று அடுத்த தகராறு.

இப்போது இன்னொரு பொருள் மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. "எனக்குச் சுகர் இருக்கு" என்றால் யாரும் மளிகைச் சாமானை நினைப்பதில்லை. ஒரு தின்பண்டத்தின் பெயர் ஒரு நோயின் பெயராகிவிட்டது. முன்பு நீரிழிவு, மதுமேகம் என்று தனிப்பெயர்கள் இருந்தன. ரத்தத்தில் அளக்கும் சர்க்கரை குளுக்கோஸ். கடையில் வாங்கும் சர்க்கரை சுக்ரோஸ். ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் கைகோத்து நிற்பது. சோறு தின்றாலும் ரத்தத்தில் ஏறுவது குளுக்கோஸ்தான். "நான் சர்க்கரையே தொடுவதில்லை, ஆனாலும் சுகர் ஏறுது" என்று புலம்புகிறவர்கள் சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள்.

இங்கேதான் நம் ஆட்களிடம் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. இயற்கை அங்காடிகளில், கண்காட்சிகளில், "நாட்டுச் சர்க்கரை சாப்பிட்டால் சுகர் வராது", "சுகர்காரர்கள் கருப்பட்டி தாராளமாகச் சாப்பிடலாம்" என்று வாய்கூசாமல் சொல்கிறார்கள். நாட்டுச் சர்க்கரையில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். வெள்ளையில் அது 99 விழுக்காட்டுக்கு மேல். நம்முடையதில் அதைவிடக் குறைவு, கூடவே இரும்புச்சத்து முதலான தாதுக்களும், சாற்றின் மணமும் இருக்கின்றன. கந்தகப் புகை கொடுத்து வெளுக்காதது. ஆலை வாசலில் காத்துக்கிடக்காமல் உழவர் தன் கரும்பைத் தானே காய்ச்சி விற்க முடிகிறது. சொல்வதற்கு இவ்வளவு உண்மை இருக்கும்போது பொய் எதற்கு? நோயாளி ஒருவர் நம் பேச்சை நம்பி, மூன்று வேளையும் கருப்பட்டிக் காப்பி குடித்துக் காலில் புண்ணோடு நின்றால், அவரிடம் எந்தச் சான்றிதழைக் காட்டுவோம்?

சிறுகுறிஞ்சானுக்குச் சர்க்கரைக்கொல்லி என்று பெயர் இருப்பதையும் இப்படித்தான் திரித்துவிட்டார்கள். அந்த இலையை மென்றுவிட்டு வெல்லத்தை வாயில் போட்டால் மண் தின்பதுபோல இருக்கும். நாக்கு இனிப்பை அறியாமல் சற்று நேரம் மரத்துப்போகிறது. பெயர் வந்தது அதனால். மாத்திரையை நிறுத்திவிட்டு இலையை மெல்லச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

அடுத்து, பை மேல் எழுதும் வாசகம். வெல்லம் போட்ட கடலை மிட்டாய்ப் பொட்டலத்தில் "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று அச்சடித்துப் பார்த்திருக்கிறேன். உணவுப் பாதுகாப்பு விதிப்படி அந்த வாசகம் போட வேண்டுமானால் எந்த வகைச் சர்க்கரையும் சேர்த்திருக்கக் கூடாது; தேன்கூட அதில் அடக்கம். "வெள்ளைச் சர்க்கரை இல்லை, கரும்பு வெல்லத்தில் செய்தது" என்று எழுதுங்கள். அதுதான் உண்மை, வாங்குபவருக்கும் அதுதான் வேண்டும். "பிரவுன் சுகர்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது பல நேரம் வெள்ளைச் சர்க்கரையில் மொலாசஸைத் திரும்பக் கலந்தது. நம் சரக்கை நாமே அந்த அலமாரியில் கொண்டுபோய் வைத்த மாதிரி ஆகும்.

நாட்டுச் சர்க்கரை என்ற பெயருக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில்தான் மூட்டை மூட்டையாக ஏலம் எடுக்கிறார்கள். அந்த மதிப்பைக் கெடுப்பது வெளியாள் மட்டுமல்ல. சாற்றோடு வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டிக் காய்ச்சுவதும், ஹைட்ரோஸ் போட்டு மஞ்சளாக வெளுப்பதும் நம் கொட்டகைகளில்தான் நடக்கிறது. பளிச்சென்று இருந்தால்தான் சந்தையில் விலை என்று காரணம் சொல்கிறார்கள். அதுவும் உண்மைதான்; வாங்குபவர் கண்ணை நாம்தான் மாற்ற வேண்டும். அழுக்கு எடுக்கச் சுண்ணாம்பும் வெண்டைச் செடித் தண்டின் கொழகொழச் சாறும் போதும். ஒரு டன் கரும்புக்குச் சுமார் 100 கிலோ வெல்லம் கிடைக்கும். அதை 120 கிலோவாக்க ஆசைப்படும் இடத்தில்தான் வெள்ளை மூட்டை கொட்டகைக்குள் நுழைகிறது.

வயலுக்கு வாங்கும்போதும் இதைப் பாருங்கள். ஜீவாமிர்தத்துக்கு 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண் இவற்றோடு 2 கிலோ வெல்லம் போடுகிறோம். அந்த வெல்லம் நுண்ணுயிர்களுக்குத் தீனி. ரொட்டிக்கும் கள்ளுக்கும் நுரை கொடுக்கும் ஈஸ்ட்டுக்கு விஞ்ஞானப் பெயர் சாக்கரோமைசெஸ், அதாவது சர்க்கரைப் பூஞ்சை. அங்கேயும் நம் சொல்தான். ஹைட்ரோஸ் என்பது கந்தகச் சேர்மம். நுண்ணுயிர் பெருகாமல் தடுக்கும் குணம் கந்தகத்துக்கு உண்டு. ஜாமுக்கும் உலர்பழத்துக்கும் கெடாமல் இருக்கப் போடுவது அதற்காகத்தான். நுண்ணுயிர் வளர்க்கும் டிரம்மில் அதையே கொட்டினால் என்ன அர்த்தம்? கறுத்துப்போன, கசிந்த, கடைக்காரர் ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கும் பழைய வெல்லத்தைக் கேட்டு வாங்குங்கள். விலையும் குறைவு, டிரம்முக்கும் அதுதான் ஏற்றது.